கானுயிர்ப் பற்களும் ஃபுளூரைடும்

புல்லையும் தழையையும் உண்டு வாழும் விலங்கின் வாழ்நாளுக்கு எல்லை வகுப்பவற்றுள் பல் முதன்மையானது. ஓநாய்க்குத் தப்பிய மானும், பனிக்கும் வறட்சிக்கும் தப்பிய மானும், கடைவாய்ப் பற்கள் தேய்ந்து மழுங்கும் நாளில் தப்ப வழியின்றி நிற்கின்றன. பல் போனால் சொல் போகும் என்பது மனிதர்க்குச் சொன்ன பழமொழி. காட்டு விலங்குக்குப் பல் போனால் உயிரே போகும். நன்கு அரைபடாத தழை முழுதாய்ச் செரிப்பதில்லை. செரிக்காத உணவு உடலில் கொழுப்பாகச் சேர்வதில்லை. கொழுப்புச் சேராத உடல் அடுத்த பஞ்சகாலத்தைத் தாண்டுவதில்லை.

இத்தகைய பல்லின் உறுதியை அது உருவாகும்போதே குலைக்கவல்ல பொருளொன்று மண்ணிலும் நீரிலும் காற்றிலும் கலந்து கிடக்கிறது. அதுவே ஃபுளூரைடு. பாறையிலிருந்து ஊற்று நீருக்கும், எரிமலையின் வாயிலிருந்து சாம்பலுக்கும், ஆலைகளின் புகைபோக்கியிலிருந்து இலைகளின் மேற்பரப்புக்கும் அது வந்து சேர்கிறது. ஊர்களில் அது விளைக்கும் பற்கறையையும் எலும்பு முடக்கத்தையும் தமிழ் மக்கள் அறிவர். காடுகளில் அது செய்வதைப் பற்றிய பேச்சோ நம்மிடையே அரிது.

காட்டு விலங்கை ஃபுளூரைடு பெரும்பாலும் உடனே கொல்வதில்லை. இளமையில் பல்லைக் கெடுத்துவிட்டு, முதுமையை முன்கூட்டியே அழைத்து வருகிறது. அந்தக் கேடு பல்லில் அழியாத தடமாய் நின்றுவிடுவதால், நிலத்துக்கும் காற்றுக்கும் நேர்ந்தது என்ன என்பதை ஐயமற அறிவதற்கு அதே பல் கருவியும் ஆகிறது. இவ்விரண்டு உண்மைகளையும் உலகின் பல நிலங்களில் நடந்த ஆய்வுகள் நிறுவியுள்ளன.

ஒருமுறை மட்டுமே உருவாகும் உறை

பாலூட்டிகளின் உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் மேலுறையாகிய பற்சிப்பி. அதன் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். கால்சியமும் பாசுபேட்டும் இணைந்த ஐட்ராக்சி அபடைட்டு என்னும் படிகங்கள் நெருக்கமாய் அடுக்கப்பட்டு அந்தக் கடினத்தைத் தருகின்றன. முறிந்த எலும்பு கூடும். கிழிந்த தோல் மூடும். சிதைந்த பற்சிப்பி மட்டும் மீண்டும் வளர்வதில்லை. அதைச் சமைத்த உயிரணுக்கள், பல் ஈறைப் பிளந்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. எனவே பற்சிப்பியின் தரம் தாடைக்குள் அது உருவாகும் காலத்திலேயே முடிவாகிவிடுகிறது.

அவ்வுருவாக்கம் இரண்டு கட்டங்களில் நிகழ்கிறது. முதற்கட்டத்தில் உயிரணுக்கள் புரதம் நிறைந்த மென்மையான அடிப்பொருளைச் சுரந்து, பற்சிப்பியின் முழுத் தடிமனையும் வடித்து நிறுத்துகின்றன. இரண்டாம் கட்டத்தில் நொதிகள் அப்புரதத்தைச் சிதைத்து அகற்ற, காலியாகும் இடத்தில் கனிமம் புகுந்து படிகங்கள் பருக்கின்றன. புரதம் முழுதும் வெளியேறினால்தான் கனிமம் முழுதும் நிறையும்.

மிகுதியான ஃபுளூரைடு இந்த ஒழுங்கைக் குலைக்கிறது. அதன் முன்னிலையில் புரதம் விரைவில் அகல்வதில்லை. படிகங்கள் போதிய அளவு பருப்பதில்லை. விளைவாக, மெல்லிய மேற்பரப்பின் அடியில் நுண்துளைகள் மலிந்த, கனிமம் குறைந்த அடுக்கொன்று நிலைத்துவிடுகிறது. ஃபுளூரைடின் அளவு மேலும் மிகுந்தால் சுரக்கும் உயிரணுக்களே தடுமாறிப் பற்சிப்பியில் குழிகளையும் வரிப்பள்ளங்களையும் விட்டுச்செல்கின்றன.

இவ்வாறு கெட்ட பல் முளைக்கும்போது, பளபளப்பு இழந்து சுண்ணாம்பைப் போல் வெளிறித் தோன்றும். பழுப்பும் கருமையும் பின்னரே ஏறுகின்றன. தழையின் சாறும் மண்ணின் நிறமும் நுண்துளைகளுக்குள் ஊறிப் படிவதே அக்கறைக்குக் காரணம். மெல்லும் அழுத்தத்தைத் தாங்காத மேற்பரப்பு உடைந்து உதிர, அடியிலுள்ள மென்மையான அடுக்கு வெளிப்பட்டு விரைந்து தேய்கிறது.

பற்கள் அனைத்தும் ஒரே காலத்தில் உருவாவதில்லை என்பது இங்கு மிகவும் கருதத்தக்கது. மானின் முதற் கடைவாய்ப்பல் பெரும்பாலும் கருப்பையிலும் பாலுண்ணும் பருவத்திலும் உருவாகிறது. தாயின் குருதியில் ஃபுளூரைடு மிகுந்திருந்தாலும், நஞ்சுக்கொடி வழியாகவும் பால் வழியாகவும் குட்டிக்குச் செல்வது அதில் சிறு பங்கே. பின்வரும் கடைவாய்ப் பற்களும் நிலையான முன்கடைவாய்ப் பற்களும், குட்டி தானே மேயத் தொடங்கிய பிறகு உருவாகின்றன. அவற்றுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே ஒரே தாடையில் முதற் கடைவாய்ப்பல் ஓரளவு உறுதியாகவும், அடுத்தவை நொய்ந்தும் அமைகின்றன. உறுதியான பல் மேலோங்கி நிற்க, நொய்ந்த பற்கள் பள்ளமாய்த் தேய்கின்றன. திரிகைக் கல் ஓரிடம் மேடும் ஓரிடம் பள்ளமுமாய்த் தேய்ந்தால் தானியம் அரைபடாமல் நழுவுவதுபோல், இந்தத் தாடையிலும் தழை அரைபடாமல் நழுவுகிறது.

விலங்கின் பல் காட்டிய உண்மை

ஃபுளூரைடு பற்றிய மனித அறிவிலேயே விலங்குகளின் பற்களுக்குப் பெரும் பங்குண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1901இல் பணியைத் தொடங்கிய பிரெடரிக் மெக்கே என்னும் பல் மருத்துவர், அங்குப் பிறந்து வளர்ந்தோரின் பற்களில் பழுப்புக் கறையைக் கண்டு பல்லாண்டுகள் அதன் காரணத்தைத் தேடினார். குடிநீரில் ஏதோ உள்ளது என்று அவர் ஊகித்தார். அது எது என்பது பிடிபடவில்லை. 1931இல் அலுமினிய நிறுவனமொன்றின் தலைமை வேதியியலாளர் சர்ச்சில், ஆர்க்கன்சா மாநிலக் குடிநீரில் ஃபுளூரைடு மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் அரிசோனாவில் மார்கரெட் சுமித்தும் அவர் குழுவினரும், எலிகளின் வெட்டுப்பற்களில் அதே கேட்டை ஃபுளூரைடால் உண்டாக்கிக் காட்டினர். வட ஆப்பிரிக்காவின் பாசுபேட்டுப் பாறை நிலங்களில் ஆடுகளின் பற்களை அரித்து வந்த நோய்க்கும் ஃபுளூரைடே காரணம் என்று வேலு என்னும் பிரெஞ்சு அறிஞர் அக்காலத்திலேயே எடுத்துரைத்தார். மூன்று நிலங்களிலிருந்து வந்த சான்றுகள் ஒரே தனிமத்தைச் சுட்டின.

சிறு அளவில் ஃபுளூரைடு பல்லின் மேற்பரப்பில் சேர்ந்து, அமிலத்துக்கு எளிதில் கரையாத படிகத்தை உருவாக்கிப் பற்சொத்தையைத் தடுக்கிறது என்பது உண்மையே. சருக்கரை மிகுந்த உணவுண்ணும் மனிதருக்கு அது நன்மை. புல்மேயும் காட்டு விலங்குகளுக்குச் சொத்தை அரிது. அவற்றின் பல் எதிர்கொள்ளும் பகை தேய்மானம். தேய்மானத்தைத் தாங்கும் உறுதியையே மிகுதியான ஃபுளூரைடு பறிப்பதால், மனிதருக்குக் கிடைக்கும் ஆதாயத்தின் பங்கு அவற்றுக்குக் கிட்டுவதில்லை. இழப்பு மட்டும் முழுதாய் வந்து சேர்கிறது.

வெந்நீர் நிலத்து மான்கள்

இவ்விழப்பை மிகத் தெளிவாகக் காட்டும் நிலம் அமெரிக்காவின் யெல்லோசுடோன் பூங்கா. 1872இல் நிறுவப்பட்ட அப்பூங்கா, பழம்பெரும் எரிமலையொன்றின் மீது அமைந்தது. நிலத்தடி வெப்பம் பாறையை ஊடுருவும் நீரைச் சூடேற்றி, 10,000க்கும் மேற்பட்ட இடங்களில் வெந்நீரூற்றாகவும் ஆவித்துளையாகவும் கொதிசேற்றுக் குழியாகவும் வெளித்தள்ளுகிறது. அந்நீர் கடந்துவரும் எரிமலைப் பாறையில் ஃபுளூரைடும் மணற்சத்தாகிய சிலிக்காவும் மிகுதி. ஃபயர்கோல் ஆற்றங்கரையின் வெந்நீரூற்றுகள் பலவற்றில் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கும் மேலாக ஃபுளூரைடு உண்டு. குடிநீருக்கு உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லை 1.5 மில்லிகிராம் என்பதோடு இதை ஒப்பிட்டால் அதன் மிகுதி விளங்கும்.

ஃபயர்கோல், கிப்பன் என்னும் ஆறுகள் கூடி மேடிசன் ஆறாகின்றன. அவற்றின் பள்ளத்தாக்குகளில் எல்க் என்னும் பெரிய மான்களின் கூட்டமொன்று ஆண்டு முழுதும் தங்கி வாழ்ந்தது. பூங்காவின் பிற எல்க் கூட்டங்கள் பல குளிர்காலத்தில் தாழ்நிலங்களுக்கு இடம்பெயர்கின்றன. மேடிசன் மான்கள் பெயரவில்லை; வெந்நீரின் சூட்டால் பனி உருகிய திட்டுகளில் குளிர்காலத்திலும் புல் கிடைப்பதே அவற்றைத் தங்கவைத்தது. ஆழ்பனியில் ஏனைய இடங்கள் மூடிக்கிடக்க, இங்கு மட்டும் மேய்ச்சல் உண்டு. ஆனால் அந்தப் புல் ஃபுளூரைடும் சிலிக்காவும் ஏறிய புல். அதைச் சூழ்ந்த நீரும் அவை கரைந்த நீர்.

மாண்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராபர்ட் கேரட்டும் அவர் குழுவினரும் 1990களிலிருந்து இக்கூட்டத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். 2002இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, நிலத்தின் வேதியியல் ஒரு விலங்குக் கூட்டத்தின் வரலாற்றையே வகுக்கும் விதத்தைப் படிப்படியாகக் காட்டியது. ஃபுளூரைடு பற்சிப்பியை நொய்யச் செய்கிறது. நொய்ந்த பற்சிப்பியைச் சிலிக்கா உரசித் தேய்க்கிறது. இரண்டும் சேர, இந்நிலத்து மான்களின் கடைவாய்ப் பற்கள் பிற நிலத்து மான்களின் பற்களைவிட மிக விரைவாகத் தேய்ந்தன. நன்னிலத்தில் பெண் எல்க் ஒன்று 20 ஆண்டுகளைக் கடந்தும் வாழக்கூடும். வெந்நீர் நிலத்திலோ முதுமைத் தளர்ச்சி பல ஆண்டுகள் முன்னதாகவே வந்து, கூட்டத்தில் முதிய மான்களே அருகிப்போயின.

ஒரு மானின் பல் கெடுவது அந்த மானோடு நிற்கவில்லை என்பதே இங்கு நாம் கொள்ளவேண்டிய பாடம். எல்க் பெண்மான் இயல்பாக ஆண்டுக்கு ஒரு கன்று மட்டுமே ஈனும். வாழ்நாளில் சில ஆண்டுகள் குறைந்தால் அத்தனை கன்றுகள் பிறவாமலே போகின்றன. முதிய பெண்மான்கள் குறைய, கூட்டத்தின் வயதுக் கட்டமைப்பே மாறுகிறது. 1995இல் ஓநாய்கள் யெல்லோசுடோனுக்குத் திரும்பக் கொணரப்பட்டு, சில ஆண்டுகளில் மேடிசன் பள்ளத்தாக்கை அடைந்தன. ஆழ்பனியும் நிலவமைப்பும் வேட்டைக்கு வாய்ப்பாக இருந்த அவ்விடத்தில், தளர்ச்சி முன்கூட்டியே வந்த மான்கள் அவற்றுக்கு எளிய இரையாயின. அடுத்துவந்த ஆண்டுகளில் கூட்டம் வெகுவாகச் சுருங்கியது. பாறையில் கரைந்த தனிமமொன்று பல்லின் வழியே நடந்து, வேட்டையாடும் விலங்கின் உணவு வரை சென்று சேர்ந்த வரலாறு இது.

எந்த ஆலையும் இல்லாத காட்டில் இது நிகழ்ந்தது. இயற்கை தந்ததெல்லாம் உயிர்களுக்கு இசைந்ததே என்ற எளிய நம்பிக்கையை யெல்லோசுடோன் மான்கள் திருத்துகின்றன. பனிக்காலத்தில் உயிர்காக்கும் சூடான மேய்ச்சல் நிலமே பிற்காலத்தில் வாழ்நாளைக் குறைக்கும் நிலமாகவும் இருந்தது. அந்த மான்கள் இரண்டையும் சேர்த்தே பெற்றன.

சாம்பல் பொழிந்த நிலம்

ஊற்றுநீர் பல தலைமுறைகளில் மெல்ல நிகழ்த்துவதை எரிமலை சில நாளில் தொடங்கிவைக்கும். வெடிப்பின்போது வெளிப்படும் ஃபுளூரின் சேர்ந்த வளிகள், மிதக்கும் சாம்பல் துகள்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. துகள் நுண்ணியதாக ஆக, எடைக்குரிய மேற்பரப்பு பெருகுகிறது. நுண்ணிய துகளே தொலைதூரம் பறக்கிறது. எனவே தீக்குழம்பின் வெம்மையே எட்டாத தொலைவிலுள்ள மேய்ச்சல் நிலத்திலும் ஃபுளூரைடு வந்து படிகிறது. ஐசுலாந்தில் 1783இல் இலாக்கி எரிமலைப் பிளவு வெடித்தபோது, ஃபுளூரைடு படிந்த புல்லை மேய்ந்த கால்நடைகளுள் பாதிக்கும் மேற்பட்டவை மாண்டன. தொடர்ந்த பஞ்சத்தில் மக்களும் பெருந்தொகையாய் மடிந்தனர்.

காட்டு விலங்குகளிடம் இதை ஆராயும் வாய்ப்பை 2011ஆம் ஆண்டு தந்தது. அவ்வாண்டு சூன் மாதத்தில் சிலி நாட்டின் புயேகுவே–கோர்டோன் கௌயே எரிமலைத் தொகுதி வெடித்து, அர்செந்தினாவின் பாட்டகோனியா நிலப்பரப்பெங்கும் சாம்பலைப் பொழிந்தது. அங்கு ஐரோப்பாவிலிருந்து முன்பே கொண்டுவரப்பட்ட செம்மான்கள் காட்டில் பரவி வாழ்ந்தன. வெர்னர் ஃபுளூக் என்னும் ஆய்வாளரும் அவர் துணைவரும் அம்மான்களின் தாடைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். வெடிப்புக்கு முன் எலும்பில் பத்து இலட்சத்தில் நூறு பங்குக்கும் குறைவாயிருந்த ஃபுளூரைடு, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பன்மடங்கு உயர்ந்து, சில மான்களில் 5,000 பங்கைக் கடந்தது.

அந்த ஆய்வின் மையம் இளமான்களின் வாய். வெடிப்புக்கு முன்பே பற்கள் உருவாகி முடிந்த முதிய மான்களின் எலும்பில் ஃபுளூரைடு சேர்ந்தது. பற்சிப்பி மட்டும் தப்பியது. வெடிப்பின்போது பற்கள் உருவாகிக்கொண்டிருந்த இளமான்களிடமோ கடைவாய்ப் பற்கள் நிறம் மாறி, உடைந்து, இளமையிலேயே தேய்ந்திருந்தன. சாம்பல் ஒரே நிலத்தில்தான் விழுந்தது; ஒரே புல்லைத்தான் தாயும் கன்றும் மேய்ந்தன. கேடு யாருக்கு நேரும் என்பதை முடிவு செய்தது வயது. பல் ஒருமுறைதான் உருவாகும் என்ற விதி இங்கு முழு வலிமையோடு வெளிப்பட்டது.

ஆலைப்புகையின் தடம்

எரிமலைக்கு நாம் பொறுப்பல்லோம். புகைபோக்கிக்கு நாமே பொறுப்பு. நிலக்கரி எரிக்கும் மின்நிலையங்களும், செங்கற் சூளைகளும், பாசுபேட்டு உர ஆலைகளும், அலுமினிய உருக்காலைகளும் ஃபுளூரைடைக் காற்றில் கலக்கின்றன. அலுமினிய உருக்கில் அதற்குத் தனியிடம் உண்டு. அலுமினாவை நேரடியாக உருக்க 2,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். கிரையோலைட்டு என்னும் ஃபுளூரின் சேர்ந்த கனிமத்தின் உருகுநீரில் அதைக் கரைத்தால் ஏறத்தாழ 960 பாகை வெப்பத்திலேயே மின்னாற்பகுப்பு நடைபெறும். 1886இல் கண்டறியப்பட்ட இம்முறையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. மின்னாற்பகுப்புக் கலத்திலிருந்து தப்பும் ஃபுளூரைடு வளியாகவும் துகளாகவும் காற்றில் சென்று இலைகளில் படிகிறது. பெரும்பாலான செடிகள் வேர்வழியாக ஃபுளூரைடைச் சிறிதளவே ஏற்கின்றன. இலைவழியாகப் புகுவதும் இலைமேல் படிவதும் அவ்வாறு கட்டுப்படுவதில்லை. அதனால் தழையுண்ணும் விலங்குகளே முதலில் தாக்குறுகின்றன.

ஆசுதிரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் போர்ட்லாந்து நகரருகே 1986இல் இயங்கத் தொடங்கிய அலுமினிய உருக்காலையைச் சுற்றியுள்ள நிலத்தில் கிழக்குச் சாம்பல் கங்காருக்கள் மேய்கின்றன. 2000க்குப் பின் அவற்றுள் சில நொண்டி நடப்பதும், கால் எலும்புகளில் புடைப்புகள் தோன்றுவதும் அறியப்பட்டு ஆய்வுகள் தொடங்கின. பற்களிலும் வெளிறலும் குழிகளும் மிகைத் தேய்மானமும் காணப்பட்டன. கங்காருவின் பல்லமைப்பு தனித்தன்மை உடையது. கடைவாய்ப் பற்கள் தாடையில் மெல்ல முன்னோக்கி நகர்கின்றன. முன்னே தேய்ந்தவை உதிர, பின்னே உள்ளவை அவ்விடத்துக்கு வந்து பணியேற்கின்றன. இறுதிப் பல்லும் தேய்ந்தபின் வேறு பல் இல்லை. தேய்மானம் விரைந்தால் இந்த ஊர்வலம் முழுதும் விரைந்து முடியும். அதே நிலத்தில் வாழும் கோலா, வாலபி, போசம் முதலிய பிற பைப்பாலூட்டிகளையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். ஒரே காற்றைப் பகிர்ந்தாலும், உண்ணும் உணவுக்கும் நடமாடும் பரப்புக்கும் ஏற்பத் தாக்கம் இனத்துக்கு இனம் வேறுபட்டது.

பிரிட்டனில், வேல்சின் ஆங்கிள்சி தீவிலிருந்த அலுமினிய உருக்காலையின் அருகிலும் ஃபுளூர்சுபார் என்னும் கனிமத்தின் சுரங்கக் கழிவு நிலங்களிலும் வாழ்ந்த வயலெலிகளின் பற்கள் ஆராயப்பட்டன. கொறிவிலங்கின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுதும் வளர்வது. இரும்புச் சத்தால் செம்மஞ்சள் நிறம் பூண்டது. ஃபுளூரைடு மிகுந்தால் அந்நிறம் மங்கி, வெள்ளைப் பட்டைகள் குறுக்கே தோன்றும். நுனி விரைவில் தேய்ந்து சிதையும். அப்பல் தொடர்ந்து புதிதாய் வளர்வதால், அண்மை வாரங்களில் உடலுக்குள் சென்றதை அது காட்டுகிறது. மானின் பல் இளமையைக் காட்டுகிறது. எலியின் பல் நிகழ்காலத்தைக் காட்டுகிறது. அத்தீவின் நரிகளின் எலும்பிலும் ஃபுளூரைடு மிகுந்திருந்தது. ஊனுண்ணிகளும் இச்சங்கிலிக்கு அப்பாற்பட்டவை அல்ல.

அமெரிக்காவின் தென் கரொலைனாவில் 1980இல் தொடங்கிய உருக்காலையொன்றின் வரலாறு தனியாக எண்ணத்தக்கது. அங்கு ஆலை இயங்கும் முன்பே அப்பகுதியின் வெண்வால் மான்களின் தாடைகளைத் திரட்டி ஃபுளூரைடை அளந்து வைத்தனர். ஆலை தொடங்கிய பின் எலும்பில் ஃபுளூரைடு உயர்ந்ததையும், பற்களில் மெல்லிய மாற்றங்கள் தோன்றியதையும் முன்னைய அளவோடு ஒப்பிட்டு ஐயமின்றிக் காட்ட முடிந்தது. முன்னளவு இல்லாத இடங்களில் ஆலையைக் குறைகூறுவோரும் காப்போரும் முடிவற்று வாதிடுவர்; இங்கு அவ்வாதத்துக்கு இடமில்லை.

பல் உரைத்த நற்செய்தி

கேட்டைக் காட்டிய பல்லே மீட்சியையும் காட்டியிருக்கிறது. செருமனிக்கும் செக் நாட்டுக்கும் நடுவே கிடக்கும் தாதுமலைத் தொடர், 1980களில் ஐரோப்பாவின் மிக மாசுற்ற நிலங்களுள் ஒன்று. அடிவாரத்து மின்நிலையங்கள் பழுப்பு நிலக்கரியை எரித்துக் கந்தக ஈராக்சைடையும் ஃபுளூரைடையும் காற்றில் கொட்டின. காடுகள் கருகி நின்றதை உலகமே கண்டது. மான்களின் வாயில் நிகழ்ந்ததைக் கண்டவர்கள் ஊவே கீர்டோர்ஃப், ஓர்சுட்டு கீர்டோர்ஃப் என்னும் செருமானிய உயிரியலாளர்கள். ரோ மான், செம்மான் ஆகியவற்றின் தாடைகளை நூற்றுக்கணக்கில் ஆராய்ந்து, ஒவ்வொரு பல்லின் நிறத்தையும் பளபளப்பையும் தேய்மானத்தையும் மதிப்பிட்டு, நுண்ணோக்கியில் பற்சிப்பியின் அடுக்குகளைப் படித்து, காட்டு மானின் பல்லை மாசறியும் அளவுகோலாகவே வளர்த்தெடுத்தனர்.

1990களில் அம்மின்நிலையங்களின் புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் அமைப்புகள் நிறுவப்பட்டன. செக் நாட்டின் பெரிய நிலக்கரி மின்நிலையங்களில் இப்பணி 1998க்குள் நிறைவேறியது. சுண்ணக்கல் கலந்த நீரால் புகையைக் கழுவும்போது கந்தகத்தோடு ஃபுளூரைடும் பிடிபடுகிறது. அதன் பயன் அடுத்துப் பிறந்த மான்களின் தாடையில் தென்பட்டது: எலும்பில் ஃபுளூரைடு குறைந்தது, பற்களின் கேடும் தணிந்தது. கெட்ட பல்லைத் திருத்த இயலாது. ஆயினும் காற்றைத் திருத்தினால் அடுத்த தலைமுறை நல்ல பல்லோடு வளரும்.

கொம்புகளும் இப்பணிக்கு உதவின. மானின் கொம்பு ஆண்டுதோறும் சில திங்களில் வளர்ந்து, முற்றி, உதிர்வது. அதில் சேரும் ஃபுளூரைடு அந்த ஓராண்டின் வளர்ச்சிக் காலத்துக்கே உரியது. ஐரோப்பிய வேட்டைக்காரர்கள் ஆண்டும் இடமும் குறித்துப் பேணிவைத்த கொம்புத் தொகுப்புகள், இருபதாம் நூற்றாண்டின் மாசு வரலாற்றை ஆண்டுவாரியாக மீட்டெடுக்க வழி செய்தன. அளவிடும் கருவிகள் நிறுவப்படாத காலத்தின் காற்றைப் பற்றி, சுவரில் தொங்கிய கொம்புகள் எண்களோடு விடையளித்தன.

நம் காடுகளுக்கு உரிய பணி

இந்தியாவில் எலும்பை முடக்கும் ஃபுளூரைடு நோய் மருத்துவ உலகுக்கு முறையாக அறிவிக்கப்பட்டது 1937இல். இடம், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டம். இன்றைய தமிழகத்தில் தருமபுரி, கிருட்டினகிரி மாவட்டங்களின் கடும்பாறை நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி. அம்மக்களுக்குக் காவிரியின் மேற்பரப்பு நீரை ஒகேனக்கலிலிருந்து கொண்டுசெல்லும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதன் பொருட்டே எழுந்தது. அதே மலைகளிலும் காடுகளிலும் யானையும் கடமானும் புள்ளிமானும் காட்டெருதும் வாழ்கின்றன.

மழைநீரும் ஓடைநீரும் குடிக்கும் வரை அவ்விலங்குகளுக்கு இடர் குறைவு. பாறையோடு நெடுங்காலம் உறவாடிய ஆழ்நிலத்து நீரில்தான் ஃபுளூரைடு மிகுதியாகக் கரைகிறது. கோடையில் ஓடைகள் வற்றும்போது, ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டிகளில் நிரப்பி விலங்குகளின் தாகம் தீர்க்கும் நற்பணி நம் காடுகளில் நடைபெறுகிறது. மக்களுக்கு ஆகாது என்று நாம் விலக்கிய நீரை அறியாமல் விலங்குகளுக்கு ஊட்டிவிடக் கூடாது. ஒவ்வொரு தொட்டிக்கும் நீர் தரும் கிணற்றின் ஃபுளூரைடு அளவைச் சோதித்தல் எளிய பணி. அளவு மிகுந்தால் வேறு நீருக்கு மாறுதலும் இயலக்கூடியதே.

யானையை எண்ணும்போது இக்கவலை மேலும் பெரிதாகிறது. யானைக்குத் தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு கடைவாய்ப் பற்கள் வாழ்நாளில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இறுதிப் பல் நாற்பது வயதை ஒட்டிப் பணிக்கு வருகிறது. அது தேய்ந்து முடிவதோடு யானையின் வாழ்வும் முடிவை நெருங்குகிறது. மானின் பல் இளமையில் உருவாகி முடிந்துவிடும். யானையோ வளர்ந்த பின்னும் தாடைக்குள் புதிய பல்லைச் சமைத்துக்கொண்டிருக்கிறது. எனவே மானுக்குச் சில திங்களும் ஆண்டுகளுமாய் முடியும் கேட்டின் காலம், யானைக்குப் பல பத்தாண்டுகள் நீள இடமுண்டு. அதன் கோடைகால நீரைப் பற்றி நாம் கொள்ளும் கவனமும் அத்தனை ஆண்டுகள் நீளவேண்டும்.

காட்டில் இறந்து கிடக்கும் யானை, கடமான், காட்டெருது ஆகியவற்றின் உடலைக் கால்நடை மருத்துவர்கள் ஆராய்கின்றனர். அப்போது தாடையைப் பிரித்தெடுத்து, இடமும் நாளும் வயதும் குறித்துப் பேணுதல் வழக்கமாகவேண்டும். நிலக்கரி மின்நிலையமோ, உர ஆலையோ, உலோக உருக்காலையோ காட்டை அடுத்து எழவிருந்தால், புகை எழுமுன்பே அப்பகுதி விலங்குகளின் தாடையில் ஃபுளூரைடை அளந்து பதிவு செய்தல் சுற்றுச்சூழல் மதிப்பீட்டின் கட்டாயப் பகுதியாகவேண்டும். தென் கரொலைனாவில் முன்னளவு இருந்தது. அதனால் உண்மை துலங்கியது. தாதுமலையில் புகை கழுவப்பட்டது. அதனால் பற்கள் தேறின. நல்ல பல்லோடு வளர்ந்து முழு வாழ்நாளும் வாழ்தல் காட்டு விலங்கின் உரிமை. அதைக் காப்பதற்கு வேண்டிய அறிவு ஏற்கெனவே நம் கையில் உள்ளது. அதைச் செயலாக்கும் கடமையும் நம்முடையதே.